இருக்கிற இடம் தெரியாத பிள்ளை

நுழைவுத் தேர்வு நடந்த ஹாலுக்கு வெளியே வேப்ப மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். தாய்மார்கள்தான் அதிகம். ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில், ஆளுக்கொரு ஃபைல். ஆரோக்கிய ஜெனிபர் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவளுடைய அக்கா நித்யா மேரி. அவள் சிதம்பரத்திலேயே குடியிருப்பவள். இந்தப் பள்ளிக்கூடத்தைத் தேடிப் பிடித்தது, விண்ணப்பம் வாங்கியது, தேதி கேட்டுச் சொன்னது எல்லாம் அவள்தான். உள்ளே தேர்வு எழுதிக்கொண்டிருந்தது ஜெனிபரின் மகள் இலக்கியா. வயது பத்து. வயதுக் கணக்கில் ஆறாம் வகுப்புக்குத் தேர்வு.

"ஜெர்மனியிலேருந்தா?" என்றாள் எதிர் நாற்காலிப் பெண். சேத்தியாத்தோப்பிலிருந்து மகனை அழைத்து வந்திருந்தாள். "அங்கேருந்து சிதம்பரத்துக்கா புள்ளய சேக்க வந்திருக்கீங்க? நாங்கள்லாம் இங்கேருந்து எப்படா அனுப்பலாம்னு பாத்துகினு இருக்கோம்."

"அங்க படிப்பு சரியில்லீங்க." ஜெனிபர் வாய் திறப்பதற்குள் நித்யா மேரி பதில் சொன்னாள். "வெளையாட்டுதான் ஜாஸ்தி. நாலாங்கிளாஸ் புள்ளைங்கள காட்டுக்குக் கூட்டிம்போயி எல பொறுக்க வுடுறாங்களாம். கேட்டா அதுவும் பாடந்தான்ங்கறாங்க."

"எலயா? எங்க வூட்டு வாசல்ல கூடத்தான் தெனம் ரெண்டு கூடை விழுது. அனுப்பி வையுங்க, பொறுக்கட்டும்" என்றாள் அந்தப் பெண். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

படிப்பு சரியில்லை என்று அக்காவிடம் போனில் சொன்னது ஜெனிபர்தான். முழுசாகச் சொல்லவில்லை. பாதியைச் சொல்லி நிறுத்திக்கொண்டால் மீதியைக் கேட்பவர்களே தங்களுக்குப் பிடித்தபடி நிரப்பிக்கொள்கிறார்கள். அதில் ஒரு வசதி இருந்தது.

ஜெனிபர் நர்ஸ். நான்கு வருடத்துக்கு முன்னால் வேலை கிடைத்து ஜெர்மனிக்குப் போனாள். கணவன் லியோ கடலூர் சிப்காட்டில் பார்த்த வேலையை விட்டுவிட்டுப் பின்னாலேயே வந்தான். இப்போது அங்கே ஒரு கிடங்கில் சரக்கு ஏற்றும் வண்டி ஓட்டுகிறான். இலக்கியா அங்கேதான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தாள். முதல் நாளுக்கு அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளையின் பாதி உயரத்துக்குக் காகிதக் கூம்பு செய்து, அதில் மிட்டாயும் பொம்மையும் நிரப்பிக் கையில் கொடுத்தனுப்புவார்கள். ஜெனிபரும் செய்தாள். மிட்டாய்க்கு அடியில் பென்சில்களும், கடலூரிலிருந்து கொண்டுபோயிருந்த வாய்ப்பாட்டு அட்டையும் வைத்தாள். மற்ற பிள்ளைகள் கூம்பைத் தரையில் கொட்டிப் பார்த்துக் கூச்சல் போட்டார்கள். இலக்கியா தன்னுடையதை மடியில் வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தாள்.

அப்படி உட்காரச் சொல்லி அனுப்பியதும் ஜெனிபர்தான். "மிஸ் கேட்டாத்தான் பேசணும். நல்லாத் தெரிஞ்சாத்தான் கை தூக்கணும். அரகொறயா எதையாவது சொல்லி மானத்த வாங்கிடாத." இதை அவள் கண்டிப்பாகக்கூடச் சொல்லவில்லை. காலணியை மாட்டிவிட்டுக்கொண்டே, தலை வாரிவிட்டுக்கொண்டே, சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டே சொன்னாள். அவளுக்கு அவளுடைய அம்மா சொன்னதும் அப்படித்தான்.

கடலூரில் கன்னியர் நடத்திய பள்ளியில் ஜெனிபர் படித்தபோது, ராங்க் கார்டு வாங்க வரும் அப்பா அந்தோணிசாமியிடம் சிஸ்டர் ஒரே வார்த்தைதான் சொல்வார்: "ஜெனிபரா? இருக்கிற இடமே தெரியாதுங்க." அப்பா அன்றைக்கு வீடு வரைக்கும் சைக்கிளை மிதிக்காமல் தள்ளிக்கொண்டே வருவார், வழியில் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லலாம் என்று. ஒரு பெண்பிள்ளையைப் பற்றி அதற்கு மேல் ஒரு நல்ல சொல் இருப்பதாக அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

ஆகவே ஜெர்மனியில் முதல் அரையாண்டுச் சந்திப்பில் ஆசிரியை, "இலக்கியா மிகவும் அமைதியாக இருக்கிறாள்" என்றபோது ஜெனிபர் மலர்ந்துபோய் நன்றி சொன்னாள். அடுத்த அரையாண்டிலும் அதே வாக்கியம், அதே நன்றி. மொழி பிடிபடாத குழந்தை, அதனால் பேசவில்லை என்று முதல் வருடம் ஆசிரியையும் நினைத்திருக்க வேண்டும். மொழி வந்தது. பேச்சு வரவில்லை. "இன்னமும் அமைதியாகத்தான் இருக்கிறாள்" என்றார் ஆசிரியை இரண்டாம் வகுப்பில். ஜெனிபர் அன்றைக்கே கடலூருக்குப் போன் போட்டுச் சொல்லி, பங்குக் கோயிலில் மகள் பேரில் ஒரு நன்றிப் பூசைக்குச் சொல்லச் சொன்னாள். மூன்றாம் வகுப்பில் ஆசிரியை அதே வாக்கியத்தை மிக மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகப் பிரித்துச் சொன்னார். தன் மொழியறிவை எண்ணித்தான் அப்படிச் சொல்கிறார் என்று ஜெனிபர் எடுத்துக்கொண்டாள்.

இந்த ஜனவரியில்தான் கடைசிச் சந்திப்பு. அந்த ஊரில் நான்காம் வகுப்போடு பிள்ளைகளைப் பிரித்துவிடுகிறார்கள். பல்கலைக்கழகத்துக்கு நேராகப் போகிற பள்ளி ஒன்று, தொழிலுக்குப் போகிற பள்ளி ஒன்று, இரண்டுக்கும் நடுவில் ஒன்று. எந்தப் பிள்ளைக்கு எது என்று ஆசிரியை சொல்வார். குட்டி நாற்காலிகளில் முழங்கால் இடிக்க ஜெனிபரும் லியோவும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இலக்கியா.

"உனக்கு எந்தப் பள்ளிக்குப் போக விருப்பம், இலக்கியா?" என்று கேட்டார் ஆசிரியை.

இலக்கியா அம்மாவைப் பார்த்தாள். ஜெனிபர் பதில் சொன்னாள்.

"நான் அவளைக் கேட்டேன்" என்றார் ஆசிரியை.

பிறகு அவர் எல்லாவற்றையும் சொன்னார். கோபமே இல்லை. வருத்தம்தான் இருந்தது, அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. எழுத்தில் குறையில்லை. ஆனால் வகுப்பில் பேசுவதற்கும் பாதி மதிப்பெண் உண்டு. நான்கு வருடத்தில் இந்தக் குழந்தை ஒரு விஷயத்தைப் பற்றி என்ன நினைக்கிறது என்று தனக்குத் தெரிந்ததே இல்லை. நடுப்பள்ளிதான் இப்போதைக்குச் சரி. அங்கிருந்து பிறகு மேலே மாறிக்கொள்ளலாம், கதவு அடைத்துவிடவில்லை. "ஒவ்வொரு முறையும் சொன்னேனே. நீங்கள் ஒவ்வொரு முறையும் நன்றி சொன்னீர்கள். வீட்டில் ஏதோ முயற்சி எடுக்கிறீர்கள் என்று நம்பிக்கொண்டிருந்தேன்."

கதவு அடைத்துவிடவில்லை என்பது ஜெனிபர் காதில் விழவில்லை. பத்து வயதில் முடிவு கட்டிவிட்டார்கள் என்பதுதான் விழுந்தது. அன்றைக்கு ராத்திரியே அக்காவுக்குப் போன் போட்டாள்.

இந்த ஏற்பாடெல்லாம் மகளுக்காகத்தான் என்று இத்தனை மாதமும் நினைத்துக்கொண்டிருந்தாள். வேப்ப மரத்தடியில், அக்காவும் அந்தப் பெண்ணும் சிரித்துக்கொண்டிருந்த நேரத்தில், வேறொன்று பட்டது. அந்த ஆசிரியை போட்ட மதிப்பெண் இலக்கியாவுக்கு மட்டும் போட்டதாக இல்லை. கடலூரில் ஒரு சிஸ்டர் போட்ட மதிப்பெண்ணை அவர் அடித்துத் திருத்திவிட்டிருந்தார். அதை மறுபடி திருத்தி வாங்கத்தான் இவ்வளவு தூரம் வந்தோமோ என்று யோசித்தாள். யோசனையை முடிப்பதற்குள் மணி அடித்தது.

முதல்வர் ஞானாம்பாள் விடைத்தாள்களை மேஜைமேல் விரித்து வைத்திருந்தார். பருத்திப் புடவை, பெரிய மூக்குக் கண்ணாடி. குரலில் நல்ல கனிவு.

"ஒக்காருங்க. கணக்குல ஒண்ணே ஒண்ணுதான் தப்பு. சயின்ஸ்ல புக்குல இருக்கிற வரி அப்படியே வந்திருக்கு. அங்க இந்த புக்கெல்லாம் ஏது?"

"நானே வீட்ல வெச்சி நடத்தினேன் மேடம். சனி ஞாயிறுல."

"அப்படியா! இந்த மாதிரி அம்மா அமையணும்." இலக்கியா பக்கம் திரும்பினார். "பெரிய ஆளா ஆயி என்ன பண்ணப் போறீங்க?"

இலக்கியா அம்மாவைப் பார்த்தாள்.

"டாக்டருக்குப் படிக்க வைக்கணும்னு இருக்கோம்" என்றாள் ஜெனிபர்.

"வெரி குட்" என்று இலக்கியாவின் கன்னத்தைத் தட்டினார் ஞானாம்பாள். "வெளிநாட்டுப் புள்ளைங்க வந்தா ஆயிரம் கேள்வி கேக்கும்மா. ஃபேன் ஏன் சத்தம் போடுது, டாய்லெட் ஏன் இப்படி இருக்குன்னு. இது இருக்கிற எடமே தெரியல. ஹால்ல இருந்த மிஸ்ஸே வந்து சொன்னாங்க."

நித்யா மேரி பெருமையோடு தங்கையின் தொடையில் கிள்ளினாள். ஜெனிபர் அந்தச் சொல்லைக் கேட்டு வருடக்கணக்காகியிருந்தது. இனிக்கும் என்று எதிர்பார்த்தாள். இனிக்கத்தான் செய்தது. அந்த இனிப்பை யாரோ எட்டி நின்று பார்த்துக்கொண்டிருப்பதுபோலவும் இருந்தது.

"சீட்டு உங்களுக்குத்தான். இப்பவே உறுதி பண்ணிடலாமா?"

"அவங்கப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"சாயங்காலத்துக்குள்ள போன் பண்ணிடுங்க. வரிசையில ஆளு நிக்குது."

வெளியே வந்ததும் நித்யா மேரி பிடித்துக்கொண்டாள். "லியோகிட்ட இன்னாடி கேக்கிறது? அவன் எப்ப நீ சொன்னதுக்கு மாத்திப் பேசியிருக்கான்? அந்தம்மா மனசு மாறிட்டா?"

"ஒரு மொறைக்கு கேக்கணும்ல அக்கா."

"மொற! மாடி ரூமுக்கு பெயின்ட் அடிச்சி, ஏசி மாட்டி, கட்டில் போட்டு வெச்சிருக்கேன். எம் பசங்க ரெண்டும் ஆஸ்டலுக்குப் போனதிலேருந்து வூடே வெறிச்சினு கெடக்கு." இலக்கியாவின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். "பெரியம்மாகிட்ட இருக்கியாடி தங்கம்? உங்கம்மா மாதிரி காஞ்ச ரொட்டி குடுக்க மாட்டேன். தெனம் தோச."

இலக்கியா சிரித்தாள்.

ஈஸ்டர் முடிந்ததும் ஜெனிபர் மட்டும் விமானம் ஏறுவது, இலக்கியா இங்கேயே தங்கிவிடுவது என்பதுதான் ஏற்பாடு. அதுவரை அம்மாவும் மகளும் கடலூரில் லியோவின் வீட்டில் இருந்தார்கள். அக்காவின் ஸ்கூட்டர் போனதும் இருவரும் கடலூர் பஸ்ஸில் ஏறினார்கள். கூட்டமில்லை. ஜன்னலோரம் இலக்கியா. சித்திரை வெயிலில் ஜன்னல் கம்பி கொதித்தது.

பி.முட்லூர் தாண்டிய பிறகு ஜெனிபர் கேட்டாள். "ஸ்கூலு புடிச்சிருக்கா?"

கேட்டுவிட்டு, மகள் தன் முகத்தைப் பார்ப்பாள் என்று காத்திருந்தாள். அது அவர்கள் இருவருக்கும் பழகிப்போன ஒன்று. மகள் பார்ப்பாள். முகத்தில் என்ன இருக்கிறதோ அதையே எடுத்துத் திருப்பிக் கொடுப்பாள்.

இலக்கியா ஜன்னலுக்கு வெளியே இறால் குட்டைகளைப் பார்த்துக்கொண்டே, "ம். நான் இங்கயே இருக்கேன்" என்றாள்.

"எனக்காக சொல்றியா?"

"இல்ல."

"அப்ப ஏன்?"

இலக்கியா கொஞ்சநேரம் சொற்களைத் தேடினாள். அவளுடைய தமிழ் வீட்டுத் தமிழ். அதில் இதுவரை சாப்பாடும் குளியலும் தூக்கமும் மட்டுமே பேசப்பட்டிருந்தன.

"இங்க எல்லா கேள்விக்கும் புக்குல பதில் இருக்கு. அங்க மிஸ், 'நீ என்ன நெனைக்கிற'ன்னு கேப்பாங்க. தெனம் கேப்பாங்க. அவுங்க என் பக்கம் வரும்போதே எனக்கு வயிறு வலிக்கும். எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க. இங்க அத யாரும் கேக்க மாட்டாங்கல்ல. அந்த மேடம் என்னக் கேட்டாங்க, ஆனா உன்னத்தான் பாத்தாங்க. எனக்கு அது புடிச்சிருந்துது. யாருக்கும் தெரியாம இருக்கலாம்."

சொல்லி முடித்துவிட்டு, கம்பியிலிருந்து கையை எடுத்து ஊதிக்கொண்டாள்.

இவ்வளவு நீளமாக மகள் பேசி ஜெனிபர் கேட்டதில்லை. ஒன்றன்பின் ஒன்றாக, காரணத்தோடு. அந்த ஆசிரியை நான்கு வருடம் காத்திருந்தது இதற்குத்தான். கேட்டிருந்தால் அவர் எழுந்து நின்றிருப்பார். இதைக் கேட்க அவர் இங்கே இல்லை. கேட்ட ஒருத்திக்கோ என்ன செய்வதென்று தெரியவில்லை.

யோசித்துப் பார்த்தால் எல்லாரும் ஜெனிபர் கேட்டதைத்தான் கொடுத்திருந்தார்கள். பள்ளிக்கூடம் சீட்டைக் கொடுத்தது, அக்கா அறையைக் கொடுத்தாள், லியோ எப்போதும்போல் சம்மதத்தைக் கொடுத்திருந்தான், கடைசியில் மகளும் மனதாரக் கொடுத்துவிட்டாள். கேட்டவளுக்குத்தான் இப்போது வேண்டியிருக்கவில்லை.

யாருக்கும் தெரியாமல் இருப்பதன் சுகம் ஜெனிபருக்குத் தெரியும். அவள் அதிலேயே வளர்ந்தவள். வேலை செய்யும் ஆஸ்பத்திரியில் தினமும் காலையில் எல்லாரும் கூடி ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் பேசுவார்கள். "சிஸ்டர் ஜெனிபர், உங்கள் கருத்து?" என்று டாக்டர் கேட்பார். கருத்து இருக்கும். தொண்டை வரைக்கும் வரும். "எல்லாம் சரியாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டுக் குனிந்துகொள்வாள். அவள் நினைத்ததையே அடுத்த நிமிடம் வேறொருத்தி சொல்வாள், டாக்டர் குறித்துக்கொள்வார். அந்த நேரத்தில் ஜெனிபருக்கும் வயிற்றில் ஏதோ செய்யும். அதற்கு அவள் இதுவரை பெயர் வைத்ததில்லை. மகள் எளிதாக வைத்துவிட்டாள்.

மகளை இங்கே விட்டால் நிறைய மார்க் வாங்குவாள். டாக்டர்கூட ஆகலாம். இருக்கிற இடம் தெரியாத ஒரு டாக்டர். அதே சமயம், அவள் வாழ்க்கையில் முதல் தடவையாக இது வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டிருக்கிறாள். மாட்டேன் என்று அதைத் தள்ளினால், பேசி என்ன பயன் என்றுதானே அவளுக்குப் படும்? இரண்டு பக்கமும் தப்பாகவே இருந்தது. எந்தத் தப்பைச் செய்வது என்பது மட்டும்தான் மிச்சம்.

பஸ் புதுச்சத்திரத்தில் நின்று கிளம்பியது.

"இலக்கியா, நீ சொன்னத கேட்டேன். ஆனா உன்ன இங்க விட மாட்டேன். ஈஸ்டர் முடிஞ்சி என்கூடத்தான் வர்ற. அந்த நடு ஸ்கூல்லதான் சேரப் போற."

இலக்கியா திரும்பினாள். "நீதான இங்க கூட்டிம்வந்த?"

"ஆமா."

"நீதான அந்த ஸ்கூலு வேணாம்னு அப்பாகிட்ட அழுத?"

"ஆமா. அப்ப எனக்குப் புரியல."

"இப்ப நான் சொன்னதுக்கப்புறம் புரிஞ்சிதா?"

"ஆமா."

"அப்ப நான் சொல்லாமலே இருந்திருக்கலாம்."

ஜெனிபர் பயந்தது அப்படியே நடந்துகொண்டிருந்தது.

"புடிச்சிருக்கான்னு கேட்ட. புடிச்சிருக்குன்னு சொன்னேன். இப்ப முடியாதுங்கற. அது நியாயமே இல்ல." குரல் உயர்ந்தது. இடையில் ஜெர்மன் சொல் ஒன்று வந்து விழுந்தது. முன் சீட்டில் இருந்த பெரியவர் திரும்பிப் பார்த்தார். 'மெதுவாப் பேசு, எல்லாரும் பாக்கறாங்க' என்ற சொல் ஜெனிபரின் நாக்கு நுனிவரை வந்தது. மென்று விழுங்கினாள்.

"நியாயம் இல்லதான்" என்றாள். "உனக்கு வயிறு வலிக்கும்னு தெரிஞ்சேதான் கூட்டிம்போறேன். அதுக்கு என்மேல கோவப்படு. எவ்ளோ நாளைக்கு வேணும்னாலும்."

இலக்கியா கோபப்பட்டாள். ஆலப்பாக்கம் வரைக்கும் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள். ஜெனிபர் ஞானாம்பாளுக்குப் போன் போட்டாள். பஸ் இரைச்சலில் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. "நல்லா யோசிச்சீங்களாம்மா? இப்படிப்பட்ட புள்ளைங்க எங்களுக்குக் கெடைக்கிறதே அபூர்வம்" என்றார் அவர். உண்மையாகவே வருத்தப்பட்டார். வரிசையில் நிற்கும் அடுத்த பிள்ளைக்குக் கொடுத்துவிடச் சொல்லி, ஜெனிபர் போனை வைத்தாள். இனி அக்காவிடம் சொல்ல வேண்டும். பெயின்ட் அடித்த அறை, கட்டில். நித்யா மேரி ஒரு வருடமாவது பேச மாட்டாள். அக்காவிடம் இந்தத் தடவை மீதிப் பாதியையும் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். சொல்வோமா என்பது தெரியவில்லை.

"நான் வரணும்னா ஒரு கண்டிஷன்" என்றாள் இலக்கியா, திரும்பாமலே.

"சொல்லு."

"புது ஸ்கூல்ல மிஸ் கூப்புடுவாங்கல்ல, பேச. அதுக்கு நீ வரக் கூடாது. அப்பா மட்டும் வரட்டும்."

"அப்பாவுக்கு அவ்ளோ ஜெர்மன் தெரியாதேடி."

"அதனாலதான்" என்றாள் இலக்கியா. "அவருக்குத் தெரியாது. அப்ப நான்தான் பேசியாவணும்."

தொழிற்சாலைகள் வரத் தொடங்கியிருந்தன. குழாய்களும் தொட்டிகளுமாக நீண்ட மதில்கள் ஜன்னலைக் கடந்து போயின. புதுப் பள்ளியில், அதேபோல் முழங்கால் இடிக்கும் ஒரு நாற்காலியில், லியோ மட்டும் உட்கார்ந்திருப்பதை ஜெனிபர் மனதுக்குள் பார்த்தாள். அவன் அதிகம் புரியாமல் தலையாட்டுவான். பக்கத்தில் மகள் பேசுவாள், இல்லை பேசாமல் இருப்பாள். எது நடந்தது என்று தனக்குச் சரியாகத் தெரியப்போவதில்லை. நீ அங்கே இருக்கக் கூடாது என்று ஒருத்தர் சொல்லி அவள் கேட்டது இதுவே முதல் தடவை. வலித்தது. எதிர்பார்த்த அளவு வலிக்கவில்லை, அல்லது இனிமேல்தான் வலிக்கும்.

"சரி" என்றாள்.

"அப்பாகிட்ட இப்பவே சொல்லணும். அப்புறம் நீ மாத்திடுவ."

அங்கே மதியம்தான். லியோ சாப்பாட்டு இடைவேளையில் இருந்தான். முதல் மணியிலேயே எடுத்து, "இன்னா ஜெனி, சீட்டு போட்டாச்சா?" என்றான்.

"இரு, அவ பேசறாளாம்" என்று போனை மகளிடம் நீட்டினாள்.

இலக்கியா போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டு, இன்னொரு காதைக் கையால் பொத்திக்கொண்டாள். முதலில் கண்டிஷனைச் சொன்னாள். லியோ புரியாமல் என்னவோ கேட்டிருக்க வேண்டும். மறுபடியும் சொன்னாள், இன்னும் சத்தமாக. பள்ளிக்கூட விஷயத்தை அதற்குப் பிறகுதான் சொன்னாள்.